சீட்டைக் கிழிப்பது யார்?
மான்செஸ்டர், 1989: ஒரு பதாகையை வாசித்தல்

1

வேலையிலிருந்து ஒருவரை நீக்குவதைப் பேச்சுத் தமிழில் 'சீட்டைக் கிழிப்பது' என்கிறோம். 'அவன் சீட்டைக் கிழிச்சுட்டாங்க.' இந்த வாக்கியத்தில் வேலை இழந்தவன் இருக்கிறான், கிழிந்த சீட்டு இருக்கிறது. கிழித்தவர் யார் என்பது மட்டும் இல்லை. இலக்கணம் படித்தவர்கள் தோன்றா எழுவாய் என்பார்கள். இந்தத் தோன்றாத எழுவாயைத் தேடித்தான் நான் கால்பந்தின் வரலாற்றுக்குள் போனேன். ஆட்டத்தைப் பற்றி எனக்குப் பெரிய ஞானம் ஒன்றும் கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைப் பற்றிப் பேச்செடுத்தபோது ஒரு தோழர் சிரித்தார். 'ஏம்ப்பா, நாட்டுல இவ்வளவு நடக்குது, நீ கோல் போட்டவன் கதையைத் தூக்கிட்டு வர்றே' என்றார். நியாயமான கேலிதான். ஆனால் தோற்றுக்கொண்டிருக்கும் ஓர் அணியின் மேனேஜரை வைத்துக்கொள்வதா துரத்துவதா என்று லட்சக்கணக்கான உழைக்கும் மக்கள் வாரக்கணக்கில், வருடக்கணக்கில் விவாதிக்கிறார்கள். தங்கள் தொழிற்சாலையின் மேனேஜரைப் பற்றி இப்படி உரக்கப் பேசினால் வேலை போய்விடும். கால்பந்து மேனேஜரைப் பற்றிப் பேசலாம், கத்தலாம், துணியில் எழுதித் தூக்கிப் பிடிக்கலாம். இந்தச் சுதந்திரம் எங்கிருந்து வந்தது, எதற்காக விட்டுவைக்கப்பட்டது, இதனால் யாருக்கு என்ன லாபம் என்பவை வரலாற்றுக் கேள்விகள்.

2

1989 டிசம்பர் 9, சனிக்கிழமை. மான்செஸ்டர் யுனைடெட் தன் சொந்த மைதானமான ஓல்ட் ட்ராஃபோர்டில் கிரிஸ்டல் பேலஸிடம் 2-1 என்று தோற்றது. கூட்டத்திலிருந்து ஒரு ரசிகர் படுக்கை விரிப்பில் எழுதிய பதாகையை உயர்த்தினார். மூன்று வருடமாகச் சாக்குப்போக்கு, இன்னமும் குப்பைதான், போய்வா ஃபெர்கி என்பது அதன் சாரம். 'ஃபெர்கி' என்றால் அலெக்ஸ் ஃபெர்குசன்.

அந்த ரசிகரின் கோபத்துக்குக் கணக்கு இருந்தது. 1986 நவம்பரில் ஃபெர்குசன் வந்தபோது 22 அணிகள் கொண்ட முதல் பிரிவில் யுனைடெட் 21ஆவது இடத்தில் கிடந்தது. அந்தப் பருவத்தை 11ஆவது இடத்தில் முடித்தார். அடுத்த பருவம் இரண்டாமிடம். ஆள் சரியானவர்தான் என்று நம்பத் தொடங்கும்போது மறுபடி 11. 1989 கோடையில் பெரும்பணம் கொட்டி ஐந்து ஆட்டக்காரர்களை வாங்கினார்கள். பாலிஸ்டர் ஒருவருக்கு மட்டும் 23 லட்சம் பவுண்ட். பிரிட்டிஷ் கிளப்புகளுக்கிடையே அதுவரை யாரும் கொடுத்திராத தொகை அது. செப்டம்பர் 23 அன்று, அதே ஊரின் எதிரணியான மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1 என்று உதைபட்டது யுனைடெட். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை லீகில் ஒரு வெற்றிகூடக் கிடையாது. கடைசியாக லீக் பட்டம் வென்றது 1967இல். கணக்குக் கேட்க இதற்குமேல் என்ன வேண்டும்?

விவாதம் இரண்டு பக்கமாகப் பிரிந்தது. அதை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும். ஒரு பக்கம்: 'மூணு வருஷம் குடுத்தாச்சு, காசும் குடுத்தாச்சு, இன்னும் எவ்வளவுதான் பொறுக்கிறது?' மறுபக்கம்: 'அஸ்திவாரம் போடுறாரு. சின்னப் பசங்களைத் தயார் பண்றாரு. அடிபட்டுப் பாதிப் பேர் படுத்துக் கிடக்கிறப்போ அவர் என்ன செய்வாரு? இந்த ஆளையும் துரத்திட்டு அடுத்து எவனைக் கொண்டாருவீங்க?' இரண்டாவது வாதத்துக்கும் ஒரு வரலாறு இருந்தது. மாட் பஸ்பி 1969இல் ஓய்வு பெற்ற பிறகு மெக்கின்னஸ், ஓ'ஃபாரல், டாகர்ட்டி, செக்ஸ்டன், அட்கின்சன் என்று ஐந்து பேரை மாற்றிப் பார்த்தாயிற்று. செக்ஸ்டனை 1981இல் நீக்கியது, பருவத்தின் கடைசி ஏழு ஆட்டங்களையும் அவர் வென்ற கையோடு.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கிளாஸ்கோவின் கப்பல் கட்டும் பகுதியான கோவனில் பிறந்தவர் ஃபெர்குசன். இளவயதில் கருவி செய்யும் தொழிற்பயிற்சியாளர். பயிற்சியாளர்களின் வேலைநிறுத்தத்தில் முன்நின்ற தொழிற்சங்கக்காரர். 1978இல் செயிண்ட் மிர்ரன் என்ற ஸ்காட்லாந்து கிளப் அவரை நீக்கியபோது, அது நியாயமற்ற நீக்கம் என்று தொழில் தீர்ப்பாயத்துக்குப் போனார். தோற்றார். ஆக, பதாகையைப் பிடித்திருந்தவருக்கும் பதாகையில் பெயர் எழுதப்பட்டவருக்கும் இடையே வர்க்க தூரம் அப்படியொன்றும் பெரிதில்லை. சீட்டைக் கிழிக்கும் அதிகாரமோ இருவரிடமும் இல்லை.

3

மேனேஜர் என்ற உருவமே பிற்காலத்தில் உற்பத்தி செய்யப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிளப்புகள் கம்பெனிகளாகப் பதிவானபோது, அணியைத் தேர்ந்தெடுத்தது இயக்குநர்களின் கமிட்டி. ஊரின் சாராய ஆலைக்காரர், கட்டட காண்டிராக்டர், இறைச்சி வியாபாரி போன்றவர்கள் கூடி உட்கார்ந்து யார் ஆடுவது என்று முடிவெடுத்தார்கள். கடிதம் எழுத, சம்பளம் கொடுக்க ஒரு செயலாளர் இருப்பார், அவ்வளவுதான். முதல் உலகப் போருக்குப் பின் இது மாறத் தொடங்கியது. ஹடர்ஸ்ஃபீல்டிலும் 1925 முதல் ஆர்சனலிலும் ஹெர்பர்ட் சாப்மன் அணித் தேர்வையும் ஆட்டமுறையையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். 1945இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த பஸ்பி, அணி விஷயத்தில் இயக்குநர்கள் தலையிடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தார்.

இதை மேனேஜர் பெற்ற அதிகாரமாகத்தான் வழக்கமான கால்பந்து வரலாறுகள் எழுதுகின்றன. மறுபக்கமாகவும் வாசிக்கலாம். அதிகாரத்தோடு சேர்ந்து பழியும் இடம்பெயர்ந்தது. கமிட்டி அணியைத் தேர்ந்தெடுத்த காலத்தில் தோல்விக்குக் கமிட்டியைத்தான் திட்ட வேண்டும். அணியை மேனேஜர் தேர்ந்தெடுக்கும்போது திட்டு அவருக்குப் போகிறது. உடைமை மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. கோபுரத்தில் நட்ட இடிதாங்கி மாதிரி. மின்னல் அதில் இறங்கி மண்ணுக்குப் போய்விடும், கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது.

கூட்டத்துக்குக் கொடுக்கப்பட்ட பேச்சு வெளி இதுதான்: மேனேஜரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசு. டிக்கெட் விலையை யார் நிர்ணயிக்கிறார், பங்குகள் யாரிடம், லாபம் எங்கே போகிறது என்பவை அந்த வெளிக்கு வெளியே.

4

1989-90 குளிர்காலத்தில் 'ஃபெர்கி இருக்கட்டுமா போகட்டுமா' என்ற பேச்சு உச்சத்தில் இருந்தபோது, அதற்கு வெளியே என்னென்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள்.

முதலாவது, கிளப் விற்பனை. இறைச்சி வியாபாரி லூயிஸ் எட்வர்ட்ஸ் 1960களில் பங்குகளைச் சேர்த்துக் கிளப்பைக் குடும்பச் சொத்தாக்கியிருந்தார். அவர் மகன் மார்ட்டின் எட்வர்ட்ஸ் 1980இல் தலைவரானார். 1989இல் தன் பங்குகளைச் சுமார் 1 கோடி பவுண்டுக்கு மைக்கேல் நைட்டன் என்பவருக்கு விற்க ஒப்புக்கொண்டார். ஆகஸ்ட் 19 அன்று ஆர்சனல் ஆட்டத்துக்கு முன் நைட்டன் பயிற்சி உடுப்பில் மைதானத்துக்குள் இறங்கிப் பந்தைக் காலில் தட்டித் தட்டி வித்தை காட்டி, ஸ்ட்ரெட்ஃபோர்ட் எண்ட் கூட்டத்தின் முன் வலைக்குள் அடித்தார். கூட்டம் கைதட்டியது. அக்டோபரில் பேரம் முறிந்தது, நைட்டனுக்கு இயக்குநர் நாற்காலி மட்டும் கிடைத்தது. நூறாண்டு வயதான ஒரு பொதுப் பற்று கைமாற இருந்தது. அதில் அந்தக் கூட்டத்திடம் கேட்கப்பட்டது கைதட்டல் மட்டும்தான்.

இரண்டாவது, ஹில்ஸ்பரோ. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டில் நடந்த கோப்பை அரையிறுதியில் கம்பிவேலிக் கூண்டுகளுக்குள் நசுங்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர் இறந்தார்கள். கடைசி மரணம் 2021இல். செத்தவர்கள் மீதே போலீசும் சில பத்திரிகைகளும் பழி போட்டன. அது சட்டவிரோதக் கொலை, ரசிகர்கள் மீது குற்றமில்லை என்று ஒரு நடுவர் குழு சொல்வதற்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கால்பந்துக் கூட்டத்தை ரவுடிக் கும்பலாகப் பார்த்த தாட்சர் அரசு 1989இல் ரசிகர்களுக்கு அடையாள அட்டை போடச் சட்டமே கொண்டுவந்தது. பதாகை தூக்கப்பட்ட டிசம்பரில் அந்தக் கூட்டத்துக்குச் சமூகத்தில் இருந்த அந்தஸ்து இதுதான். ஒரு மேனேஜர் மீது தீர்ப்பு சொல்லும் குரல், தன் சாவுக்கே நியாயம் கேட்க முடியாத குரலாகவும் இருந்தது.

மூன்றாவது, 1990 ஜனவரியில் வெளியான நீதிபதி டெய்லரின் இறுதி அறிக்கை. அடையாள அட்டைத் திட்டத்தை அது தடுத்து நிறுத்தியது, நல்லது. நின்று பார்க்கும் படிக்கட்டுகளை எடுத்துவிட்டுப் பெரிய மைதானங்கள் முழுக்க இருக்கை போடச் சொன்னது. இருக்கைக்கு அநியாய விலை வைக்கத் தேவையில்லை என்று, கிளாஸ்கோ மைதானம் ஒன்றின் 6 பவுண்ட் இருக்கையை உதாரணமும் காட்டினார் டெய்லர். கிளப் முதலாளிகள் இருக்கையை எடுத்துக்கொண்டார்கள், உதாரணத்தை விட்டுவிட்டார்கள். ஸ்ட்ரெட்ஃபோர்ட் எண்ட் படிக்கட்டு 1992இல் இடிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1991இல், யுனைடெட் பங்குச் சந்தைக்குப் போயிருந்தது. 1992 ஆகஸ்டில் தொலைக்காட்சிப் பணத்தோடு பிரீமியர் லீக் வந்தது. மார்ட்டின் எட்வர்ட்ஸ் அடுத்த பத்தாண்டுகளில் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுப் பல கோடி பவுண்ட் பார்த்தார்.

ரசிகர்களின் வாழ்க்கையை மாற்றிய முடிவுகள் இந்த மூன்று இடங்களில் எடுக்கப்பட்டன. விவாதம் நான்காவது இடத்தில் நடந்தது.

5

கதையின் மிச்சம் எல்லோருக்கும் தெரியும். 1990 ஜனவரி 7 அன்று நாட்டிங்ஹம் ஃபாரஸ்டுக்கு எதிரான கோப்பை ஆட்டத்தில் மார்க் ராபின்ஸ் என்ற இளைஞர் ஒரே ஒரு கோல் போட்டார். அந்த கோல் ஃபெர்குசனின் வேலையைக் காப்பாற்றியது என்பது ஐதீகம். நீக்கும் எண்ணமே தங்களுக்கு இல்லை என்று எட்வர்ட்ஸ் பின்னாளில் சொன்னார். லீகில் 13ஆவது இடத்தில் முடித்த யுனைடெட், மே மாதம் அதே கிரிஸ்டல் பேலஸை மறு ஆட்டத்தில் 1-0 என்று வென்று கோப்பையை எடுத்தது. 1993இல், 26 வருடத்துக்குப் பிறகு லீக் பட்டம். 2013இல் ஓய்வு பெறும்போது ஃபெர்குசன் கணக்கில் 13 லீக் பட்டங்கள்.

இதிலிருந்து 'பொறுமை' என்ற பெருங்கதையாடல் பிறந்தது. எங்கே எந்த மேனேஜர் தோற்றாலும் யாராவது எழுந்து 'ஃபெர்குசனுக்கே அன்னிக்கு இப்படித்தான் சொன்னாங்க' என்பார். பதாகை பிடித்தவர் முட்டாள், பொறுத்திருந்த நிர்வாகம் ஞானி. வெற்றிபெற்றவரின் முடிவிலிருந்து பின்னோக்கி எழுதப்படும் எல்லா வரலாறுகளுக்கும் உள்ள நோய் இது. பொறுமை காட்டப்பட்டும் மூழ்கிப்போன மேனேஜர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. 1989 டிசம்பரில் கண்முன் இருந்த சான்றுகளை வைத்துப் பார்த்தால் பதாகையின் வாதம் பிழையானதல்ல. பிறகு நடந்தது அதற்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பொருளியல்காரர்கள் சொல்வது இரண்டு தரப்புக்கும் கசப்பானது. ஆட்டக்காரர்களின் சம்பளப் பட்டியலே ஓர் அணியின் நீண்டகால இடத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது என்பது ஸ்டெஃபான் ஷிமான்ஸ்கியின் ஆய்வு. டச்சு லீகை ஆராய்ந்த பாஸ் டெர் வீல், சரிவின்போது மேனேஜரை நீக்கிய கிளப்புகளும் அதே அளவு சரிந்து நீக்காமல் விட்ட கிளப்புகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டன என்று காட்டினார். பள்ளத்தில் விழுந்தவர் எப்படியும் கொஞ்சம் மேலே வருவார். அந்த நேரத்தில் கையில் இருந்த தாயத்துக்குப் பேர் கிடைக்கிறது. 'நீக்கு' என்பதும் ஒரு தாயத்து, 'பொறு' என்பதும் ஒரு தாயத்து.

6

இந்த இடத்தில் என் பழைய நிலைப்பாடு ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. மேனேஜரைப் பற்றிய விவாதம் ஒரு திசைதிருப்பல், அபின், மக்களை உண்மையான கேள்வியிலிருந்து விலக்கி வைக்கும் பொழுதுபோக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். தோழரின் சிரிப்புக்குப் பின்னால் இருப்பதும் இதுதான். ஆனால் மான்செஸ்டரின் அடுத்த பதினைந்து வருடம் இந்தச் சூத்திரத்துக்குள் அடங்க மறுக்கிறது.

1980களின் பிற்பகுதியில் ரசிகர் சிறுபத்திரிகைகள் கிளம்பின. 'ஃபேன்சீன்' என்று பெயர். யுனைடெட்டைச் சுற்றி 1987இல் 'ரெட் நியூஸ்', 1989இல் 'ரெட் இஷ்யூ', 'யுனைடெட் வீ ஸ்டாண்ட்'. சொந்தக் காசில் அச்சடித்து, மைதான வாசலில் மழையில் நின்று கையால் விற்ற பத்திரிகைகள். (இதைப் படிக்கும் நமக்கு அந்த வாழ்க்கை புதிதல்ல. திரும்பி வந்த கட்டுகள் கட்டிலுக்கடியில் கிடப்பது அங்கேயும் உண்டு.) அவற்றில் ஃபெர்குசனைத் திட்டினார்கள், ஆதரித்தார்கள், கிண்டல் செய்தார்கள். ஆனால் ஆளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த அதே பக்கங்களில் டிக்கெட் விலை வந்தது, போலீஸ் வந்தது, பங்குச் சந்தை வந்தது. வாரா வாரம் மேனேஜரைப் பற்றிச் சண்டை போட்டுப் பழகியவர்கள் சேர்ந்து வாதாடவும், கணக்குக் கேட்கவும், துண்டறிக்கை அடிக்கவும் கற்றுக்கொண்டார்கள்.

1995இல் சுயேச்சையான ரசிகர் சங்கம் ஒன்று உருவானது. 1998 செப்டம்பரில் ரூபர்ட் மர்டாக்கின் பிஸ்கைபி நிறுவனம் 62 கோடிக்கு மேல் பவுண்ட் தந்து யுனைடெட்டை வாங்க வந்தபோது, இந்தச் சங்கமும் சிறு பங்குதாரர்களாக இருந்த ரசிகர்களின் அமைப்பும் எதிர்த்து நின்றன. ஏகபோகத் தடுப்பு ஆணையத்தின் முன் எழுத்துபூர்வமாக வாதம் வைத்தார்கள். 1999 ஏப்ரலில் அரசு அந்த விற்பனையைத் தடுத்தது. உலகத்தின் பெரிய ஊடக முதலாளி ஒருவரை, கட்டிலுக்கடியில் பத்திரிகைக் கட்டு வைத்திருந்தவர்களும் சேர்ந்து தடுத்தார்கள் என்பது சின்ன விஷயமில்லை.

2005இல் அது பலிக்கவில்லை. அமெரிக்காவின் கிளேஸர் குடும்பம் 79 கோடி பவுண்டுக்குக் கிளப்பை வாங்கியது. பெரும்பகுதி கடன் பணம். அந்தக் கடனின் பெரும் பங்கு கிளப்பின் தலையிலேயே கட்டப்பட்டது. வாங்கப்பட்ட பொருளே தன்னை வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியது. விற்பனை முடிந்த பிறகு ஃபெர்குசன் வெளிப்படையாக எதிர்த்து நிற்கவில்லை. பின்னாளில் கிளேஸர்களைப் பாராட்டியும் பேசினார். கோவனின் பழைய தொழிற்சங்கக்காரர்தான். இடிதாங்கி கட்டடத்தின் பக்கம்தான் நிற்கும் போலிருக்கிறது.

7

அந்த வருடமே வெளியேறிய ரசிகர்கள் சிலர் சொந்தமாக ஒரு கிளப் தொடங்கினார்கள்: எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு, எவ்வளவு பணம் போட்டாலும் ஒரே ஓட்டு. அடிமட்ட லீகில் தொடங்கி முதல் மூன்று பருவங்களிலும் மேலே ஏறினார்கள். 2015இல் மாஸ்டன் பகுதியில் சொந்த மைதானம்.

இங்கே முடித்தால் கட்டுரை இனிப்பாக இருக்கும். உண்மை அப்படி முடியவில்லை. 2016இல் அந்தக் கிளப்புக்குள்ளேயே கடும் சண்டை. நிர்வாகம் வெளிப்படையாக நடந்துகொள்ளவில்லை என்று உறுப்பினர்கள் எழுந்தார்கள், தலைமைப் பொறுப்பில் இருந்தவர்கள் விலகினார்கள். 2017இல், தொடக்கம் முதல் பன்னிரண்டு வருடம் மேனேஜராக இருந்த கார்ல் மார்ஜின்சனும் பிரிந்து போனார். உடைமை மக்களிடம் வந்துவிட்டால் 'இருக்கட்டுமா போகட்டுமா' என்ற கேள்வி மறைந்துவிடும் என்று நினைத்தவர்களுக்கு இது பாடம். கேள்வி மறையவில்லை. மாறியது இன்னொன்று: சீட்டைக் கிழிக்கச் சொல்பவரே கிழிப்பவராகவும் இருக்க வேண்டியதாயிற்று. வருத்தம், நட்டம், முகத்தை எதிர்கொள்ளும் சங்கடம் எல்லாம் ஓட்டுப் போட்டவர் தலையில் விழுந்தன. எழுவாய் தோன்றிவிட்டால் வாக்கியம் இப்படிக் கனத்துப் போகும். ஜனநாயகம் என்று நாம் சுலபமாகச் சொல்கிற வார்த்தைக்குள் இந்தக் கனமும் இருக்கிறது.

8

ஓல்ட் ட்ராஃபோர்டிலோ பழைய வாக்கியமே தொடர்ந்தது. 2014 மார்ச் 29 அன்று, ஃபெர்குசன் கைகாட்டிவிட்டுப் போன வாரிசான டேவிட் மோயஸைப் போகச் சொல்லும் வாசகத்தைக் கட்டிக்கொண்டு ஒரு சிறு விமானம் மைதானத்தின் மேல் பறந்தது. படுக்கை விரிப்பு விமானமாகியிருந்தது. ஏப்ரல் 22 அன்று மோயஸ் நீக்கப்பட்டார். 2016இல் வான் ஹால், கோப்பை வென்ற இரண்டாம் நாள். 2018இல் மொரின்யோ. 2021இல் சோல்ஷா. 2024 அக்டோபரில் டென் ஹாக், ஒப்பந்தத்தை நீட்டித்த நாலாவது மாதம். ஒவ்வொரு தடவையும் கூட்டத்தின் ஒரு பகுதி கேட்டது கிடைத்தது. கிளேஸர்கள் இருந்தார்கள்.

2021 மே 2 அன்று மட்டும் வேறு மாதிரி நடந்தது. பணக்காரக் கிளப்புகள் தங்களுக்கென்று ஒரு மூடிய சூப்பர் லீகைத் தொடங்கப் போவதாக ஏப்ரலில் அறிவித்து, எதிர்ப்பால் மூன்றே நாளில் பின்வாங்கியிருந்தன. அந்தக் கோபம் தணியாத ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்தார்கள். லிவர்பூலுடனான ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அன்று யாரும் மேனேஜர் பெயரைச் சொல்லவில்லை. உரிமையாளர் பெயரைச் சொன்னார்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. 2024 தொடக்கத்தில் ஜிம் ராட்க்ளிஃப் என்ற கோடீஸ்வரர் கிளப்பில் கால்பங்குக்கு மேல் வாங்கி நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார். அந்தக் கோடையில் சுமார் 250 ஊழியர்களின் வேலை போயிற்று. 2025 பிப்ரவரியில் மேலும் 150 முதல் 200 பேர் என்று அறிவிப்பு. அலுவலக ஊழியர்கள், மைதானப் பணியாளர்கள். இதற்கு நடுவே, டென் ஹாகையும் அவர் குழுவையும் விளையாட்டு இயக்குநர் ஒருவரையும் அனுப்பியதற்குக் கிளப் செலவிட்டது 1 கோடியே 45 லட்சம் பவுண்ட். பருவத்தின் நடுவில் மிச்சமிருந்த டிக்கெட்டுகளின் விலை, சிறுவர் முதியவர் என்ற சலுகை இல்லாமல், 66 பவுண்ட் ஆக்கப்பட்டது. டெய்லர் சொன்ன 6 பவுண்டைப் பணவீக்கத்தோடு சேர்த்துப் பார்த்தாலும் இருபதைத் தாண்டாது.

மேனேஜரின் சீட்டு கிழிந்தபோது உலகமே விவாதித்தது. கிழிந்த மற்ற சீட்டுகளுக்கு விமானம் எதுவும் பறக்கவில்லை. அவர்களைப் பற்றி 'இருக்கட்டுமா போகட்டுமா' என்று யாரிடமும் கேட்கப்படவும் இல்லை. ஆனால் 66 பவுண்டுக்கு எதிராக மைதான வாசலில் ரசிகர்கள் திரண்டார்கள். மேனேஜரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே ஆட்கள்தான்.

சிரித்த தோழருக்கு இப்போது என் பதில் இதுதான். அந்த விவாதத்தை நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமையில்லை. 1989இல் படுக்கை விரிப்பைத் தூக்கியவர் கேட்டது சரியான கேள்வியின் முதல் பாதி. மூன்று வருடக் கணக்கு எங்கே என்று கேட்கத் தெரிந்தவருக்கு, முப்பது வருடக் கணக்கு எங்கே என்று கேட்கவும் வரும். யாரிடம் கேட்பது என்பதில்தான் அங்கேயும் சரி, இங்கே நம் சங்கங்களிலும் சரி, வேலை மிச்சமிருக்கிறது.